தொலை அச்சுப் பொறியும் செய்தியின் மொழியும்

ஆணை பிறக்கும் இடத்திற்கும் அது நிறைவேற்றப்படும் இடத்திற்கும் இடையேயுள்ள தொலைவே நிர்வாகத்தின் முதல் இடர்ப்பாடு. இத்தொலைவைக் கடக்க அஞ்சல், தொலைபேசி என இரு வழிகள் நெடுங்காலம் பயன்பட்டு வந்தன. அஞ்சல் எழுத்துச் சான்றைத் தந்தது. ஆனால் விரைவைத் தரவில்லை. தொலைபேசி விரைவைத் தந்தது. ஆனால் சொன்னதற்கும் கேட்டதற்கும் சான்று வைக்கவில்லை. விரைவையும் சான்றையும் ஒருங்கே தந்த கருவி, டெலிபிரிண்டர் என்று மக்கள் வழங்கிய தொலை அச்சுப் பொறியாகும். ஒரு நகரில் விசைப்பலகையில் தட்டிய எழுத்து, அந்நொடியே மற்றொரு நகரிலுள்ள பொறியில் தாளில் அச்சாயிற்று. அனுப்பியவரிடமும் பெற்றவரிடமும் எழுத்து வடிவில் ஒரே செய்தியின் படிகள் இருந்தன.

இந்தியாவில் 1960 முதல் 1990 வரையிலான முப்பது ஆண்டுகளில் அரசுத் துறைகள், செய்தி நிறுவனங்கள், வங்கிகள், துறைமுகங்கள், விமான நிலையங்கள் ஆகியவற்றின் அன்றாட வேலை இப்பொறியைச் சார்ந்திருந்தது. இன்று அது வழக்கொழிந்துவிட்டது. எனினும், அதன் இயக்கத்தையும் பயன்பாட்டையும் மாணவரும் அலுவலரும் அறிந்துகொள்வதில் பயன் உண்டு. செய்தியை மின்குறியாக மாற்றும் எந்த முறையிலும் ஒரு கேள்வி உள்ளடங்கியிருக்கிறது: அந்தக் குறியீட்டில் எந்த மொழிகளுக்கு இடம் உண்டு? தொலை அச்சின் வரலாறு இக்கேள்வியைத் தெளிவாக எழுப்புகிறது.

மோர்ஸ் முறையின் எல்லை

இந்தியாவில் தந்தி 1850-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்திற்கும் இடையே சோதனை முறையில் தொடங்கியது. அதனை அமைப்பதில் முதன்மைப் பங்கு வகித்தவர் வில்லியம் ஓஷானசி என்னும் மருத்துவர். அடுத்த சில ஆண்டுகளில் தந்தித் துறை தனித் துறையாக உருப்பெற்று, பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அப்போதிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் மோர்ஸ் குறியீடே தந்தியின் அடிப்படையாக விளங்கிற்று.

மோர்ஸ் முறையில் ஒவ்வோர் எழுத்தும் குறுந்துடிப்பு, நெடுந்துடிப்பு ஆகியவற்றின் சேர்க்கையாகும். அனுப்புபவர் கைவிசையை அழுத்தி அத்துடிப்புகளை உண்டாக்குவார். மறுமுனையில் இருப்பவர் ஒலியைச் செவியால் கேட்டு, மனத்தால் எழுத்தாக்கி, கையால் எழுதுவார். இவ்வேலைக்கு நீண்ட பயிற்சி வேண்டும். நல்ல பயிற்சி பெற்றவரும் நிமிடத்திற்கு 20 முதல் 25 சொற்கள் வரையே தொடர்ந்து கையாள இயலும். கேட்பவர் களைத்தால் பிழை நேரும். அவர் இருக்கையில் இல்லையெனில் செய்தி வந்து சேராது. மேலும், ஓர் எழுத்துக்கு ஒரு துடிப்பும் மற்றோர் எழுத்துக்கு நான்கு துடிப்புகளும் இருந்தமையால், ஒவ்வோர் எழுத்தும் எடுத்துக்கொள்ளும் காலம் வேறுபட்டது. மனிதரின் செவிக்கு இவ்வேறுபாடு தடையன்று. ஆனால் எழுத்தைத் தானே உணர்ந்து அச்சிடும் பொறிக்கு ஒரே அளவுள்ள குறிகள் தேவைப்பட்டன.

ஐந்து துடிப்புகளில் ஓர் எழுத்து

இத்தேவையை நிறைவு செய்தவர் பிரான்சு நாட்டின் எமில் போதோ. அவர் 1874-இல் உரிமை பெற்ற முறையில் ஒவ்வோர் எழுத்தும் ஐந்து கூறுகளால் ஆனது. ஒவ்வொரு கூறும் மின்னோட்டம் உள்ளது, இல்லாதது என இரு நிலைகளில் ஒன்றைப் பெறும். இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32. ஆகவே 32 வெவ்வேறு குறிகள் கிடைத்தன. பின்னர் டொனால்டு மர்ரே என்பவர், ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எழுத்துகளுக்குக் குறைந்த துடிப்புகள் அமையுமாறு இக்குறியீட்டைத் திருத்தியமைத்தார். 'ஈ' என்னும் ஆங்கில எழுத்துக்கு முதல் துடிப்பு மட்டும். 'டி' என்னும் எழுத்துக்கு ஐந்தாம் துடிப்பு மட்டும். இதனால் பொறியின் தேய்மானம் குறைந்தது. இந்த அமைப்பே சிறு மாறுதல்களுடன் பன்னாட்டுத் தந்தி எழுத்து முறை எண் 2 என்ற பெயரில் 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொதுமுறையாக ஏற்கப்பட்டது.

இரு நகரங்களில் உள்ள இரு பொறிகள் ஒரே கணத்தில் ஒரே எழுத்தைக் கையாள வேண்டுமெனில், அவற்றின் மின்னோடிகள் ஒத்த வேகத்தில் சுழல வேண்டும். நெடுநேரம் அவ்வாறு ஒத்துச் சுழலச் செய்வது அரிது. இவ்விடரை நீக்கத் தொடக்க-நிறுத்த முறை கையாளப்பட்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு தொடக்கத் துடிப்பு செல்லும். பெறும் பொறி அதைக் கண்டதும் இயங்கத் தொடங்கும். ஐந்து குறித்துடிப்புகள் முடிந்தபின் ஒரு நிறுத்தத் துடிப்பு வரும். பொறி நின்று அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கும். ஆகவே வேகத்தில் சிறு வேறுபாடு இருப்பினும், அது ஓர் எழுத்தின் எல்லைக்குள்ளேயே முடிந்துவிடும். அடுத்த எழுத்துக்குத் தொடராது.

பரவலாக வழங்கிய 50 பாட் வேகத்தில் ஒரு துடிப்பின் காலம் 20 மில்லி வினாடி. தொடக்கத் துடிப்பு ஒன்று, குறித்துடிப்பு ஐந்து, ஒன்றரைத் துடிப்பு அளவுள்ள நிறுத்தம் ஆக மொத்தம் ஏழரை அளவுகள். எனவே ஓர் எழுத்துக்கு 150 மில்லி வினாடி ஆயிற்று. நிமிடத்திற்கு 400 எழுத்துகள். சொல்லுக்கு ஐந்து எழுத்தும் ஓர் இடைவெளியும் எனக் கொண்டால் ஏறத்தாழ 66 சொற்கள். மோர்ஸ் முறையைப்போல் இது ஏறத்தாழ மூன்று மடங்கு வேகம். தட்டச்சுப் பயின்ற எவரும் குறியீட்டை மனப்பாடம் செய்யாமலே இப்பொறியை இயக்க முடிந்தது.

கம்பிகள் குறைவாக இருந்த நாடுகளுக்கு மற்றொரு நன்மையும் கிட்டிற்று. ஒரு தொலைபேசி வழித்தடத்தை 120 ஹெர்ட்ஸ் இடைவெளியில் பகுத்து, 24 தந்தி வழித்தடங்களாக்க இயன்றது. இருவர் மட்டும் பேசக்கூடிய ஒரு தடத்தில் 24 தொலை அச்சு இணைப்புகள் ஒரே வேளையில் இயங்கின. தொலைபேசித் தடங்களுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் இந்தச் சிக்கனம் சிறிதன்று.

எண்ணில் நேரும் பிழை

முப்பத்திரண்டு குறிகளில் ஆங்கில எழுத்துகள் 26-க்கும் இடம் ஒதுக்கினால் எஞ்சுவன ஆறே. எண்களுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் இடமில்லை. இதற்கு இரு நிலை முறை வகுக்கப்பட்டது. எழுத்துநிலைக் குறி சென்றால் அதன்பின் வருவன யாவும் எழுத்துகளாக அச்சாகும். எண்நிலைக் குறி சென்றால் அதே துடிப்புகள் எண்களாகவும் நிறுத்தக் குறிகளாகவும் அச்சாகும். விசைப்பலகையின் மேல் வரிசையில் உள்ள பத்து எழுத்துகளே எண்நிலையில் 1 முதல் 0 வரையுள்ள எண்களாயின.

இம்முறையின் வலுவின்மையும் இங்கேயே இருந்தது. வழியில் ஏற்பட்ட மின் இரைச்சலால் எண்நிலைக் குறி சிதைந்தால், 250 என்னும் எண் மறுமுனையில் பொருளற்ற மூன்று ஆங்கில எழுத்துகளாக அச்சாகும். இப்பிழையாவது படிப்பவர் கண்ணுக்குத் தெரியும். தெரியாத பிழையே பேரிடர். 5 என்னும் எண்ணுக்கு ஐந்தாம் துடிப்பு மட்டும் உண்டு. 9 என்னும் எண்ணுக்கு நான்காம் துடிப்பும் ஐந்தாம் துடிப்பும் உண்டு. நான்காம் இடத்தில் ஒரு பொய்த் துடிப்பு புகுந்தால் 500 டன் கோதுமை 900 டன் ஆகிவிடும். முப்பத்திரண்டு குறிகளும் பயன்பாட்டில் இருந்தமையால், சிதைந்த ஒவ்வொரு குறியும் மற்றொரு செல்லத்தக்க குறியாகவே தோன்றும். பிழையைப் பிழையென்று உணரும் வழி குறியீட்டுக்குள் இல்லை.

ஆகவே பிழையைத் தடுக்கும் பொறுப்பு நடைமுறையின்மேல் விழுந்தது. செய்தியில் வந்த எண்களையும் முக்கியமான பெயர்களையும் இறுதியில் மீண்டும் ஒருமுறை அச்சிட்டு அனுப்பும் வழக்கம் இதனால் தோன்றியது. இரண்டும் ஒத்தால் ஏற்பர். வேறுபட்டால் திரும்பக் கேட்பர். இரைச்சல் மிகுந்த வானொலிச் சுற்றுகளுக்கு ஏழு துடிப்பு முறை உருவாக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு குறியிலும் ஏழில் மூன்று துடிப்புகள் மட்டுமே ஒரு வகையின. அந்த விகிதம் மாறினால் பொறி தானே பிழையை உணர்ந்து, அவ்வெழுத்தைத் திரும்பக் கேட்டுப் பெற்றது. இன்றைய கணினி வலைப்பின்னல்கள் பிழையைக் கண்டறிந்து மறுபடி கேட்கும் முறைக்கு இது முன்னோடி எனலாம்.

துளைநாடாவும் டெலக்சும்

தட்டுபவர் எவ்வளவு தேர்ந்தவராயினும் நிமிடத்திற்கு 66 சொற்கள் என்ற வேகத்தை இடைவிடாது காக்க முடியாது. இணைப்புக் கட்டணமோ நேரத்தைப் பொறுத்தது. இதற்குத் தீர்வாக வந்தது துளைநாடா. செய்தியை முன்கூட்டியே காகித நாடாவில் ஐந்து வரிசைத் துளைகளாகத் துளைத்து வைத்துக்கொண்டு, இணைப்புக் கிடைத்ததும் தானியங்கி அனுப்பியின் வழியே முழு வேகத்தில் ஓடவிட்டனர். தவறாகத் துளைத்த எழுத்தின்மேல் ஐந்து துளைகளையும் இட்டு அழிக்கலாம். ஐந்து துளைகளும் சேர்ந்த குறி எழுத்துநிலையைக் குறித்ததால் அது அச்சில் இடம்பெறாது. எண்களின் நடுவே அவ்வாறு அழித்தவர் எண்நிலைக் குறியை மீண்டும் இட மறக்கலாகாது. பல ஊர்களிலிருந்து வந்த செய்திகளை மையங்களில் நாடாவாகப் பெற்று, கிழித்து, உரிய தடத்தில் மீண்டும் ஓடவிடும் அஞ்சல் முறையும் வழக்கில் இருந்தது.

தொலைபேசியைப் போல விரும்பிய எண்ணைச் சுழற்றி மற்றொரு தொலை அச்சுடன் நேரே இணைப்புப் பெறும் ஏற்பாடு டெலக்ஸ் எனப்பட்டது. ஜெர்மனியில் 1933-இல் தொடங்கிய இப்பணி, இந்தியாவில் 1963-இல் அறிமுகமாயிற்று. வெளிநாட்டு டெலக்ஸ் தொடர்புகளை அயல்நாட்டுத் தொடர்புப் பணித்துறை கவனித்து வந்தது. 1986-இல் அது விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனமாயிற்று.

டெலக்சின் சிறப்பு அதன் விடைக்குறியாகும். ஒவ்வொரு சந்தாதாரரின் பொறியிலும் அவருக்கே உரிய அடையாளக் குறி நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. 'நீர் யார்' என்னும் விசையை அழுத்தியதும் மறுமுனைப் பொறி, மனிதர் எவரும் அருகில் இல்லாவிடினும், தன் அடையாளத்தைத் தானே அச்சிட்டு அனுப்பிற்று. செய்தியின் தொடக்கத்திலும் முடிவிலும் இவ்விடைக்குறி பெறப்பட்டால், இணைப்பு உரிய இடத்திற்கே சென்றது என்பதும், இடையில் அறுபடவில்லை என்பதும் உறுதியாயின. இரவில் பூட்டிய அலுவலகத்திலும் செய்தி வந்து தாளில் காத்திருந்தது.

கிண்டியில் தோன்றிய தொழிற்சாலை

தொடக்கத்தில் இப்பொறிகள் யாவும் வெளிநாட்டிலிருந்தே வந்தன. இங்கிலாந்தின் கிரீட் நிறுவனப் பொறிகள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. அந்நியச் செலாவணிச் சிக்கனமும் தொழில் தற்சார்பும் திட்டங்களின் குறிக்கோளாக இருந்த காலத்தில், இந்நிலை நீடிப்பது விரும்பத்தக்கதாக இல்லை. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் இறுதியில், 1960-ஆம் ஆண்டில், இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனத்துடன் தொழில்நுட்ப ஒத்துழைப்பு பெற்று, இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனம் பொதுத்துறையில் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலை சென்னை கிண்டியில் அமைந்தது.

தொலை அச்சுப் பொறி நூற்றுக்கணக்கான நுண்ணிய உதிரி உறுப்புகளால் ஆனது. நெம்புகோல்கள், பற்சக்கரங்கள், வில்சுருள்கள், மின்காந்தங்கள் ஆகிய யாவும் மில்லி வினாடிக் கணக்கில் ஒன்றுக்கொன்று இசைந்து இயங்க வேண்டும். இத்தகைய நுண்பொறியியலை நாட்டில் நிலைகொள்ளச் செய்ததில் அத்தொழிற்சாலைக்குப் பங்கு உண்டு. ரோமன் எழுத்துப் பொறிகளோடு தேவநாகரி எழுத்துப் பொறிகளையும் அது உருவாக்கியது. 1980-களில் மின்னணுத் தொலை அச்சுப் பொறிகள் வந்தன. அவற்றில் அசையும் உறுப்புகள் குறைந்தன, நினைவகம் சேர்ந்தது. பின்னர் தொலை அச்சுக்குத் தேவை குன்றியதும் நிறுவனம் வேறு தொலைத்தொடர்புப் பொருள்களுக்கு மாறியது. 2001-இல் அதன் பெரும்பான்மைப் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டன.

செய்தித்தாள், வானிலை, வான்வழி

தொலை அச்சைப் பெருமளவு சார்ந்திருந்த துறைகளில் செய்தித்துறை முதன்மையானது. பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா 1947-இல் சென்னையில் பதிவு பெற்று, 1949-இல் பணி தொடங்கிற்று. யுனைட்டெட் நியூஸ் ஆஃப் இந்தியா 1961-இல் பணி தொடங்கியது. இவற்றின் செய்திகள் வாடகைத் தந்தித் தடங்களின் வழியே செய்தித்தாள் அலுவலகங்களுக்கு இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே மூலத்திலிருந்து ஒரே வேளையில் நூற்றுக்கணக்கான பொறிகள் அச்சிட்டதால், தலைநகரின் செய்தித்தாளும் மாவட்ட நகரின் செய்தித்தாளும் ஒரே செய்தியை ஒரே நாளில் வெளியிட முடிந்தது. அத்தடங்கள் ஒரு கையில் குவிந்தால் விளைவதையும் நாடு கண்டது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், நான்கு செய்தி நிறுவனங்களும் 'சமாச்சார்' என்ற ஒரே அமைப்பாக இணைக்கப்பட்டன. 1978-இல் அவை மீண்டும் தனித்தனியாயின.

வானிலைத் துறையின் தேவை வேறு வகையானது. நாடெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்கள் குறித்த வேளைகளில் வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் திசை ஆகியவற்றை அளந்து, ஐந்தைந்து எண்களாகத் தொகுத்த பன்னாட்டுக் குறியீட்டில் அனுப்பின. எண்களாலான இக்குறியீட்டுக்கு மொழித்தடை இல்லை. உலக வானிலை அமைப்பின் தொலைத்தொடர்பு வலையில் புதுதில்லி ஒரு வட்டார மையமாக விளங்கிற்று.

வான்வழிப் போக்குவரத்தில் ஒரு விமானம் புறப்பட்ட செய்தி, அது இறங்குமுன் மறு விமான நிலையத்தை அடைந்தாக வேண்டும். இதற்கெனத் தனியே ஒரு வலை அமைந்தது. அதில் செய்திகளுக்கு முதன்மை வரிசை உண்டு. உயிருக்கு இடர் நேர்ந்த செய்தி முதலில் செல்லும். பிற செய்திகள் காத்திருக்கும்.

ஒப்பந்தமும் சட்டமும்

டெலக்ஸ் வழியே வணிகம் வளர்ந்ததும் ஒரு சட்டக் கேள்வி எழுந்தது. ஒரு நகரிலிருந்து விலை கேட்கப்படுகிறது; மற்றொரு நகரிலிருந்து இசைவு அனுப்பப்படுகிறது. ஒப்பந்தம் எங்கே, எப்போது நிறைவுற்றது? அஞ்சலையும் தந்தியையும் பொறுத்தவரை, இசைவை அனுப்பிய இடத்திலேயே ஒப்பந்தம் நிறைவுறும் என்பது ஏற்கப்பட்ட விதி. டெலக்ஸ் கணப்பொழுதில் சென்றடைவது. ஆகவே, இசைவு பெறப்பட்ட இடத்திலேயே ஒப்பந்தம் நிறைவுறும் என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1955-இல் என்டோரஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து அனுப்பிய இசைவு இலண்டனில் அச்சானதால், ஒப்பந்தம் இலண்டனில் உருவானதாகக் கொள்ளப்பட்டது.

இந்திய உச்ச நீதிமன்றம் பகவான்தாஸ் கேடியா வழக்கில் 1965-இல் இதையொத்த முடிவுக்கு வந்தது. அவ்வழக்கு தொலைபேசி உரையாடலைப் பற்றியது. இசைவுச் சொல் அகமதாபாத்தில் கேட்கப்பட்டதால், அங்குள்ள நீதிமன்றத்திற்கு வழக்கை ஏற்கும் உரிமை உண்டு என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், மின்பதிவு எப்போது, எங்கே அனுப்பப்பட்டதாகவும் பெறப்பட்டதாகவும் கருதப்படும் என்பதற்குத் தனிப் பிரிவே உண்டு. அப்பிரிவு விடை காணும் கேள்வியைச் சட்ட உலகின் முன் முதலில் வைத்தவற்றுள் டெலக்சும் ஒன்று.

முப்பத்திரண்டு இடங்களில் எம்மொழி?

இதுவரை கூறிய பயன்கள் யாவும் ஆங்கிலத்தில் எழுதியவர்க்கே முழுமையாகக் கிட்டின. இது தற்செயலன்று; குறியீட்டின் அமைப்பிலேயே இதற்குக் காரணம் இருந்தது. முப்பத்திரண்டு குறிகளில் வண்டி திருப்புதல், வரி நகர்த்தல், இடைவெளி, எழுத்துநிலை, எண்நிலை, வெற்றுக் குறி ஆகிய ஆறு நீங்கினால் எஞ்சுவன 26. இரு நிலைகளிலும் சேர்த்து 52 இடங்கள். எழுத்துநிலையின் 26 இடங்களும் ரோமன் எழுத்துகளுக்கே சரியாயின. எண்நிலையில் எண்கள் பத்து, நிறுத்தக் குறி முதலியன பதினொன்று, 'நீர் யார்' குறியும் மணியும் இரண்டு. இவை போக, அந்தந்த நாட்டின் விருப்பத்திற்கென விடப்பட்டவை மூன்றே இடங்கள். உலகின் மற்ற மொழிகள் அனைத்திற்கும் பன்னாட்டுக் குறியீடு ஒதுக்கிய இடம் அவ்வளவே.

தமிழை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழ் எழுத்துகள் 247 எனினும், அச்சு வடிவங்கள் அவ்வளவு தேவையில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, புள்ளியும் பிற துணைக் குறிகளும் 7 என 38 வடிவங்கள் அடிப்படை. எண்கள் பத்தையும் சேர்த்தால் 48. எஞ்சிய நான்கு இடங்களுக்குள் நிறுத்தக் குறிகள், விடைக்குறி, மணி ஆகியவற்றோடு, எழுத்துக்கு எழுத்து உருமாறும் உகர, ஊகார வரிசைகளின் 36 வடிவங்களும் அடங்கியாக வேண்டும். இது இயலாத செயல். தட்டச்சுப் பொறியில் ஏறத்தாழ 90 இடங்கள் இருந்தமையால், 1930-களில் ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சு வெற்றி கண்டது. ஐந்து துடிப்புத் தொலை அச்சில் அதற்கு வழியில்லை.

தேவநாகரிக்கும் இதே இடர்ப்பாடு இருந்தது. வடிவங்களைக் குறைத்தும் பங்கிட்டும் தனி விசைப்பலகை வகுக்க வேண்டியதாயிற்று. தேவநாகரியில் தந்தி அனுப்பும் வசதி 1949-இல் தொடங்கியது. தேவநாகரி டெலக்ஸ் 1969-இல் புதுதில்லியில் அறிமுகமாயிற்று. செய்தித்துறையில் 1982-இல் யூனிவார்த்தாவும் 1986-இல் பி.டி.ஐ. பாஷாவும் இந்திச் செய்திப் பணிகளாகத் தோன்றின. 1992-இல் யுனைட்டெட் நியூஸ் ஆஃப் இந்தியா உருதுச் செய்திப் பணியைத் தொடங்கியது. அரசின் ஆதரவும் நீண்ட முயற்சியும் இருந்தால், ரோமன் அல்லாத எழுத்தையும் இப்பொறியில் ஏற்ற முடியும் என்பதை இவை மெய்ப்பித்தன.

பிற மொழிகளின் நிலை வேறு. 1942-இல் தொடங்கிய ஒரு தமிழ் நாளிதழ் தன் பெயரிலேயே தந்தியைத் தாங்கியது. ஆனால் தமிழ் நாளிதழ் அலுவலகங்களுக்குள் தொலை அச்சின் வழியே வந்த செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. துணை ஆசிரியர்கள் நள்ளிரவில் அதைத் தமிழாக்கி அச்சுக்குத் தந்தனர். அவர்களது உழைப்பால் செய்தித் தமிழ் வளம் பெற்றது உண்மை. தமிழ்நாட்டில் நடந்த நிகழ்ச்சியும் ஆங்கிலமாகிச் சென்று, மீண்டும் தமிழாகித் தமிழரை அடைந்ததும் உண்மையே. பொதுமக்களின் தந்தியிலும் இதே நிலை இருந்தது. வாழ்த்துத் தந்திகளுக்கு எண்ணிட்ட தயார் வாசகங்கள் இருந்தன. எண்ணைக் குறித்தால் போதும், மறுமுனையில் வாசகம் முழுமையாக வழங்கப்படும். ஆனால் இறப்பையோ நோயையோ அறிவிக்க விரும்பிய, ஆங்கிலம் அறியாத ஒருவர், தம் துயரத்தைப் பிறர் கையால் பிறமொழியில் எழுதி வாங்க வேண்டியிருந்தது.

அவரவர் மொழியில் எழுதுவதன் மதிப்பை வல்லரசுகள் நன்கு உணர்ந்திருந்தன. 1962-இன் கியூபா நெருக்கடியின்போது வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே செய்திகள் சென்று சேர மணிக்கணக்கில் ஆயின. போரின் விளிம்பைத் தொட்ட அவ்வனுபவத்திற்குப் பின், 1963 ஜூனில் உடன்பாடு ஏற்பட்டு, ஆகஸ்டு 30 அன்று இரு தலைநகரங்களுக்கும் இடையே நேரடித் தொடர்பு இயங்கத் தொடங்கிற்று. மக்கள் கற்பனை செய்ததுபோல் அது தொலைபேசியன்று, தொலை அச்சு. குரலில் அவசரமும் தவறான புரிதலும் நேரலாம். எழுத்தில் சிந்திக்கவும் மொழிபெயர்க்கவும் நேரம் உண்டு. அமெரிக்கத் தரப்பு ஆங்கிலத்தில் அனுப்பியது. சோவியத் தரப்பு ரஷ்ய எழுத்தில் ரஷ்ய மொழியிலேயே அனுப்பியது. இரு எழுத்துகளுக்கும் உரிய பொறிகள் இரு தலைநகரங்களிலும் நிறுவப்பட்டன. உயிர்நிலையான செய்தியை அனுப்புபவர் தம் மொழியில் எழுத வேண்டும் என்பது அங்கே சலுகையாக அல்ல, பாதுகாப்பு விதியாகக் கருதப்பட்டது.

பொறி மறைந்தபின் எஞ்சியவை

1980-களின் பிற்பகுதியில் தொலைநகலும், மாவட்டத் தலைநகரங்களைச் செயற்கைக்கோள் வழியே இணைத்த நிக்நெட் வலையும், பின்னர் மின்னஞ்சலும் தொலை அச்சின் இடத்தைப் பிடித்தன. 2013 ஜூலையில் இந்தியாவில் பொதுமக்களுக்கான தந்திப் பணியும் நிறைவுற்றது. ஆயினும் தொலை அச்சின் சுவடுகள் மறையவில்லை. கணினிக் குறியீடுகளில் வண்டி திருப்புதல், வரி நகர்த்தல் ஆகிய இரு குறிகளும் இன்றும் தனித்தனியே இருப்பது, தொலை அச்சின் வண்டியும் உருளையும் தனித்தனியே இயங்கியதன் எச்சமாகும்.

மொழியைப் பொறுத்தவரை மாற்றம் பெரிது. 1991-இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு இந்திய எழுத்துகளுக்கான எட்டு நுண்மிக் குறியீட்டை வெளியிட்டது. அதே ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஐந்து துடிப்புக் குறியீட்டில் நாட்டுக்கு மூன்று இடங்களே இருந்தன. ஒருங்குறியில் தமிழுக்கு மட்டும் 128 இடங்கள் கொண்ட தொகுதி ஒதுக்கப்பட்டது. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையடுத்துத் தமிழுக்குப் பொது விசைப்பலகை வகுக்கப்பட்டது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், தமிழ் அனைத்தெழுத்து 16 நுண்மிக் குறியீட்டையும் தரமாக ஏற்றது.

இப்போது புயல் எச்சரிக்கை கைப்பேசிக்கு வட்டார மொழியிலேயே வந்து சேர இயலும். மீனவர் அதைப் பிறர் துணையின்றிப் படித்துப் படகைக் கரையேற்றுகிறார். எழுத்துக் குறியீட்டில் அவருடைய மொழிக்கு இடம் இல்லாதிருந்தால், செயற்கைக்கோளும் கோபுரமும் இருந்தும் அச்செய்தி அவருக்குச் செய்தியாகாது.

தொலை அச்சின் வரலாறு தரும் பாடம் இதுவே. தொழில்நுட்பத் தரங்கள் வகுக்கப்படும் வேளையில் அவை வெறும் எண் வரிசைகளாகத் தோன்றும். அவற்றின் விளைவு தலைமுறைகளுக்குப் பின்னரே புலப்படும். 1930-களில் ஐரோப்பாவில் முடிவான 32 குறிகள், இந்தியக் குடிமகன் எம்மொழியில் தந்தி அனுப்பலாம் என்பதை எண்பது ஆண்டுகளுக்குப் பெரிதும் வரையறுத்தன. பேச்சை உணரும் கணினிகளுக்கும் மொழிபெயர்க்கும் கணினிகளுக்கும் புதிய தரங்கள் இன்று உருவாகி வருகின்றன. அவற்றை வகுக்கும் இடத்தில் இந்திய மொழிகளின் சார்பில் அறிந்தவர் அமர்ந்திருக்க வேண்டும். அத்தகையோரை உருவாக்குவது கல்விக்கூடங்களின் கடமை. அவர்களை உரிய காலத்தில் அனுப்பி வைப்பது நிர்வாகத்தின் கடமை.